பெட்டிக்குள்ளிருந்து வந்த வசனம்

இங்கிலாந்திலே டாடில்ஃபோர்டு என்று ஓர் ஊர். அந்த ஊர் நாடகக் குழுவுக்கு ஹம்ஃப்ரி தலைவர். அவருக்குத் தொண்டை பெரிது. தொண்டைக்கு மேலே இருக்கவேண்டிய சமாச்சாரம்தான் கொஞ்சம் காலி.

ஜெர்மனியின் க்னோடல்பெர்க் ஊரோடு கலைப் பரிமாற்றம் என்று ஏற்பாடாயிற்று. இவர்கள் அங்கே போய் ஜெர்மன் நாடகம் போடவேண்டும். பதிலுக்கு அவர்கள் இங்கே வந்து ஆங்கில நாடகம் போடுவார்கள். நடிகர்களில் ஒருவருக்கும் எதிர் ஊர் பாஷை தெரியாது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

நகரசபை மட்டும் கறாராகச் சொல்லிவிட்டது: "அங்கே கைதட்டு வாங்காமல் வந்தால் உங்கள் கொட்டகை உருளைக்கிழங்குக் கிடங்காகிவிடும்."

ஹம்ஃப்ரி அன்றைக்கே மூட்டை கட்டினார். அந்த மேடையைத் தவிர வேறெங்கும் அவரை யாரும் பேசவிடுவதில்லை.

க்னோடல்பெர்க் மேடையின் முன்விளிம்பில் ஒரு பெட்டி. அதற்குள் வென்ட்செல் என்பவர் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பார். அந்த ஊர் டைரக்டர் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார்: "பெட்டியிலிருந்து யார் பக்கம் கை நீளுகிறதோ அவர் பேசவேண்டும். காதில் விழுந்ததை அப்படியே சொல்லுங்கள். சொந்தச் சரக்கு கூடாது."

ராணி வேஷக்காரி ப்ரூடன்ஸுக்குச் சந்தேகம். "அந்த மனுஷனை ஏன் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்?"

"நாடகம் எழுதியவராக இருக்கும்," என்றார் மந்திரி வேஷம் போட்ட நெட். "தப்பித்துப் போகாமலிருக்க."

"நியாயம்தான்," என்றார் ஹம்ஃப்ரி.

திரை எழுந்தது. மகளைப் பறிகொடுத்த ராஜாவாக ஹம்ஃப்ரி நின்றார். நாலு வசனம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் வென்ட்செல் ராஜா பக்கம் கை நீட்டியபடியே முனகினார்: "ஐயோ, கால் மரத்துப்போச்சே!"

ராஜா நெஞ்சில் அறைந்துகொண்டு ஜெர்மனில் கர்ஜித்தார்: "ஐயோ, கால் மரத்துப்போச்சே!"

ராணி தேம்பினாள். வென்ட்செல் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "மடையா, அது வசனமில்லை!"

ஆடிய கை மந்திரி பக்கம் நின்றது. மந்திரி ராஜாவை வணங்கிப் பணிவோடு சொன்னார்: "மடையா, அது வசனமில்லை!"

முன்வரிசையில் இருந்த நாடக விமர்சகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதிகாரத்துக்குக் கால் மரத்துவிட்டது! என்ன ஆழம்!" ஜெர்மன் விமர்சகருக்குப் புரியாதது எல்லாம் ஆழம்.

"நான் வீட்டுக்குப் போறேன்!" என்று கத்தினார் வென்ட்செல். மூன்று பேரும் அதைக் கோரஸாகச் சொன்னார்கள். அவர் போயே போய்விட்டார்.

பெட்டி காலி. மூவரும் மரம்போல் நின்றார்கள். சபை மூச்சுவிடாமல் பார்த்தது. ஹம்ஃப்ரிக்கு உருளைக்கிழங்கு வாசனையே வந்துவிட்டது.

அப்போது கொட்டகைப் பூனை, சூடாறாத அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. முன்னங்காலை ராஜா பக்கம் நீட்டி நக்கிவிட்டு, "மியாவ்," என்றது.

ஹம்ஃப்ரிக்கு உயிர் வந்தது. மண்டியிட்டு, செத்த மகளை நினைத்து, தொண்டை கிழிய, "மியாவ்!" என்றார்.

சபை எழுந்து நின்று தட்டிய தட்டில் கூரைத்தூசி கொட்டியது. டாடில்ஃபோர்டு கொட்டகை பிழைத்தது.

ஊருக்குக் கிளம்புமுன் ஹம்ஃப்ரி ஒரு மத்தி மீனோடு பெட்டியருகே போனார். தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

"ஐயா, அடுத்த வருஷம் உங்கள் ஆட்கள் எங்கள் ஊருக்கு வரும்போது நீங்களும் அவசியம் வரவேண்டும். அந்த முதல் ஆள் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் ஜெர்மன்தான் சுத்தம்."