இலந்தையடி மண்

மேட்டு மடம் என்றதும் கோபுரம், யானை என்று கற்பனை செய்துவிடாதீர்கள். ஓட்டுக் கொட்டகை ஒன்று, கிணறு ஒன்று, நாலு ஏக்கர் செம்மண் பொட்டல். மூன்று வருஷத்தில் அங்கே மரம் நின்றால் நிலம் மடத்துக்கு. இல்லாவிட்டால் கல் குவாரிக்கு. ஊர்க்கூட்டத்தில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள்.

மடத்தின் குரு செங்கமலத்தம்மாள், வயது நாற்பதுக்குள். சீடர் அருணகிரிக்கு அறுபத்திரண்டு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாக அவர் நட்ட செடியெல்லாம் கோடையில் கருகிப்போயிற்று. மனுஷர் விடுவதாயில்லை.

மழை எட்டிப் பார்க்காத புரட்டாசி அது. அருணகிரி இரும்புச் சட்டியில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, மண்ணுக்குத் தாளிப்பா?" என்றார் குரு.

"கிருமி சாகணும்மா. நாற்றுப் பையைக் கிழிச்சா வேரில் வெள்ளை வெள்ளையா பூசணம். அதையும் மூணு தண்ணியில கழுவித்தான் நடறேன்."

"அப்படி நட்டதுல எத்தனை நிக்குது?"

அருணகிரி கரண்டியைக் கீழே வைத்தார்.

குரு அவரை வேலியோரம் கூட்டிப்போனார். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, ஓர் இலந்தைப் புதர் மட்டும் பச்சையாக நின்றது.

"இதுக்கு யார் தண்ணி ஊத்தினா?"

"யாரும் இல்லை."

"தோண்டுங்க."

தோண்டினார். வேர் மண்ணை விடாமல் கவ்வியிருந்தது. பேப்பர் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். வேரிலிருந்து முடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கிளம்பி, வேர் நுழைய முடியாத சந்துக்குள்ளெல்லாம் போயிருந்தன.

"அடக் கடவுளே! இதுவும் பூசணம்தானே?"

"பூசணம்தான். எல்லாப் பூசணமும் நோயில்லை ஐயா. வேருக்கு எட்டாத ஈரத்தை இது எட்டி எடுத்துட்டு வந்து கொடுக்குது."

"சும்மாவா கொடுக்குது?"

"இலை சமைக்கிற சோத்துல அதுக்கும் பங்கு."

அருணகிரி சட்டியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷமும் நட்ட நூற்றிருபது செடிக்கு இருந்த துணையை அவர் கையாலேயே கழுவி விட்டிருக்கிறார். கண் கலங்கிவிட்டது.

"அழுது முடிச்சுட்டு ஒரு கூடை எடுத்துட்டு வாங்க," என்றார் குரு.

ஐப்பசியில் இரண்டு மழை பெய்தது. அறுபது குழி, குழிக்கு ஒரு கை இலந்தையடி மண். வேரை யாரும் கழுவவில்லை.

சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. அருணகிரி கிணற்றைச் சுற்றிய வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஆடு மேய்க்கும் வெள்ளையம்மா குடத்தோடு வந்து நின்றாள்.

"சாமி, ஆடுங்க நாக்கைத் தள்ளுது. ஒரு குடம்."

"செடிக்கே பத்தலை தாயி. வேற எங்கயாச்சும் பாரு."

அவள் காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. நேரே குருவிடம் வந்தார்.

"நான் செஞ்சது தப்பாம்மா? இந்தச் செடியும் போச்சுன்னா மடமே போச்சு."

"அந்த இழைக்குச் செடி சோறு போடுதே, இந்த வெயில்ல நிறுத்திடுச்சா?"

"தெரியலையே."

"பாருங்க."

ஒரு புங்கங்கன்றின் ஓரமாகத் தோண்டி, பிடரி தீய்ந்துபோக, வெகுநேரம் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். இழைகள் இலந்தையில் பார்த்ததைவிடத் தூரம் போயிருந்தன. திரும்பி வந்தார்.

"நிறுத்தலை."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

அருணகிரியின் கை இடுப்புக்குப் போயிற்று. சாவி அவர் மடியில் இருந்தது.

அன்று சாயங்காலம் வெள்ளையம்மாவின் ஆடுகள் தொட்டியில் தண்ணீர் குடித்தன. மறுநாள் அவள் ஒரு கட்டு முள் வெட்டி வந்து, செடிக்குச் செடி சாத்திவிட்டுப் போனாள். அடுத்த வாரம் அவள் ஊர்ப் பெண்கள் காய்ந்த சருகைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, வெயில் தாக்காமல் தூரைச் சுற்றிப் பரப்பினார்கள். யாரும் கூப்பிடவில்லை.

ஆடி பிறந்ததும், மூன்று வருஷக் கெடு முடிகிறதென்று, ஊர்த்தலைவர் பார்வையிட வந்தார். அறுபதில் நாற்பத்து மூன்று பச்சையாக நின்றன. அவருக்கு நம்ப முடியவில்லை.

"போன வருஷம் ஒண்ணுகூட நிக்கலையே ஐயா! இந்தத் தடவை என்னதான் செஞ்சீங்க?"

அருணகிரி குருவைப் பார்த்தார். குரு கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கதவு திறந்து கிடந்தது. ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு குடித்தன.

"பூட்டைத் தொலைச்சுட்டேன் தலைவரே," என்றார் அருணகிரி.