பெல்ட்டை மூடிய வலை

பூவாத்தா முதலாளி வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கம்பி வலைக்குள் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டு கிடந்தன. அவற்றுக்கு முதுகைக் காட்டி முதலாளி உட்கார்ந்திருந்தார். எதிரே விசாரணைக்கு வந்த அதிகாரியம்மா. முதலாளியின் நார் மில்லில், பூவாத்தாவின் பதினேழு வயசுத் தங்கை மெஷின் பெல்ட்டில் கை மாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"பெல்ட்டு மேல வலை மாட்டித்தானுங்க வெச்சிருந்தேன்," என்றார் முதலாளி. "அந்தப் புள்ளை விளையாட்டுக்குக் கழட்டி எங்கியோ தொலைச்சுப்போட்டா. அவ தப்புக்கு நான் எப்படீங்க பொறுப்பு?"

பூவாத்தா சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "அந்த வலை எப்படீங்க இருக்கும்? சொன்னீங்கன்னா நானும் தேடிப் பார்ப்பேன்."

முதலாளிக்குத் தெம்பு வந்துவிட்டது. "அப்படிக் கேளு. பச்சைப் பெயிண்ட் அடிச்சது. கூடையாட்டம் வளைஞ்சிருக்கும்."

"அடையாளம் ஏதாச்சும் உண்டுங்களா?"

"ஒரு மூலை விட்டுப்போயி, செம்புக் கம்பி சுத்தியிருப்பேன்."

"இந்த மாதிரிங்களா?" என்று பூவாத்தா குஞ்சுகள் பக்கம் கை காட்டினாள். அதிகாரியம்மாவும் எட்டிப் பார்த்தார். பச்சை வலை, மூலையில் செம்புக் கம்பி.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அது வேறயிங்க. போன வருசம் சந்தையில வாங்கினது."

"அப்படீங்களா? நான் என்னமோ, தங்கச்சிக்கு அடிபடறதுக்கு முந்தின நாள் நீங்க வண்டியில வெச்சு..."

"ஏ பூவாத்தா," என்று உள்ளேயிருந்து முதலாளியம்மா கூப்பிட்டாள். "தூத்தல் போடுது பாரு. ஐயா மில்லுல இருந்து கழட்டியாந்த வலையைக் குஞ்சோட உள்ள கொண்டா."