அக்கரைக்குப் போன மருத்துவச்சியும் இக்கரைப் புறாவும்

ராஜசபை விகடகவி ஏகாம்பரத்துக்குப் பொன்னுரங்கத்தைக் கண்டாலே ஆகாது. மணலூர்க் கோட்டையில் வேறு யாருக்குத்தான் ஆகும்? ஊருக்கு வரும் செய்தியெல்லாம் பொன்னுரங்கத்தின் புறாக் காலில்தான் வரவேண்டும் என்று வீரகேது ராஜாவிடம் கெஞ்சிக் கூத்தாடி முத்திரை ஓலை வாங்கி வைத்திருந்தான் அந்த மனுஷன். போட்டிக்கு ஆளில்லாவிட்டால் ஒருத்தனுக்கு எவ்வளவு கொழுப்பு ஏறுமோ, அவ்வளவும் ஏறியிருந்தது.

ஏற்பாடு இதுதான். உங்கள் கூரையில் கூண்டு கட்டிப் புறா வளர்ப்பான். வளர்ந்த புறாக்களைச் சுற்றுப்பட்டு ஊர்களில் கொண்டுபோய் வைப்பான். அங்கே யாராவது ஓலை நறுக்கைக் காலில் கட்டிப் பறக்கவிட்டால் நேரே உங்கள் கூரையில் வந்து உட்காரும். வளர்ந்த கூரையைத் தவிர வேறு கூரை அதற்குத் தெரியாது. ஆள் பிடிக்கும்போது பொன்னுரங்கத்தின் வாயில் தேன் ஒழுகும். இரண்டு வருஷத்துக்குள் விலகினால் ஈடு வைத்த பொருள் தனக்கு என்று அந்த ஓலையில் இருப்பதை மட்டும் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பான்.

மருத்துவச்சி வெள்ளையம்மாள் ஈடாகச் சொல்லியிருந்தது தன் பசுவை. எங்கே யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அவள் கூரைக்குப் புறா வரும், அவள் ஓடுவாள். முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் அவள் புருஷனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஓடம் ஓட்டும் வேலை கிடைத்தது. வீடு மாறியாக வேண்டும். பொன்னுரங்கத்திடம் போனாள்.

"அக்கரை வீட்டுக்குப் புறா விடுவீங்களாய்யா?"

"அக்கரையிலே நாம தொழில் பண்றதில்லையேம்மா."

"அப்போ என்னை விட்டுடுங்க."

"தாராளமா. பசுவை அவுத்து விடு."

"வராத புறாவுக்குப் பசுவா?"

"வராதுன்னு யார் சொன்னது? பழைய வீட்டுக்குத் தவறாம வரும். அங்கே நீ இல்லேன்னா அது என் குத்தமா?"

அந்தப் பசுவின் பாலைக் குடித்துத்தான் வெள்ளையம்மாளின் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தார்கள். நேரே ஏகாம்பரத்திடம் போய் அழுதாள். கேட்கக் கேட்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்கம்மா, ராஜாகிட்டே போவோம்" என்று கிளம்பிவிட்டான்.

அரசர் கையைப் பிசைந்தார். "முத்திரை போட்டுக் கொடுத்தவன் நான். என் வாக்கை நானே மீற முடியாது. ஏழைப் பொம்பளை பசுவும் போகக்கூடாது. ரெண்டுக்கும் நீரே வழி சொல்லும், ஏகாம்பரம்."

பொன்னுரங்கம் மீசைக்குள் சிரித்தான். ஏகாம்பரம் அவன் பக்கம் திரும்பி, மாப்பிள்ளையை விசாரிப்பது போலப் பதவிசாகக் கேட்டான்.

"வெள்ளையம்மா விலகலைங்க. மிச்சக் காலமும் உங்க புறாதான். திருப்தியா?"

"ரொம்பத் திருப்தி."

"உங்க சேவை எப்படிப்பட்டதுன்னு மகாராஜா காதிலே விழற மாதிரி கொஞ்சம் சொல்லுங்களேன்."

புகழ்ச்சி என்றால் அவனுக்குச் சொல்லவா வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "மழை அடிக்கட்டும், புயல் அடிக்கட்டும், மகாராஜா. செய்தி மருத்துவச்சி கையிலே போய்ச் சேர்ற வரைக்கும் என் பொறுப்பு."

அரசர் சட்டென்று நிமிர்ந்தார். இளையராணி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவளுக்குப் பிரசவம் பார்க்க வேண்டியவளும் வெள்ளையம்மாள்தான். "ராணிக்கு வலி எடுத்தா, புறா எங்கேய்யா வரும்?"

"பழைய வீட்டுக்கு, மகாராஜா."

"அங்கேதான் யாருமில்லையே?"

ஏகாம்பரம் குறுக்கே வந்தான்.

"கவலையே வேண்டாம், மகாராஜா. கையிலே சேர்ற வரைக்கும் தன் பொறுப்புன்னு இப்பத்தானே சொன்னார். பழைய வீடு வரைக்கும் புறா வரும். அங்கேயிருந்து அக்கரைக்கு இவர் வருவார்."

"ஒரு ஆளைப் போட்டு அனுப்பறேனே" என்றான் பொன்னுரங்கம், அவசர அவசரமாக.

"ராணியோட பிரசவச் செய்தியைக் கூலியாள் கையிலேயா கொடுப்பே?" என்று அரசர் அதட்டினார். "நீயே போ."

அவ்வளவுதான். ஊரை ஆட்டிவைத்த பெரிய மனுஷன் காலி வீட்டின் முற்றத்தில் கழுத்தை அண்ணாந்தபடி உட்கார்ந்தான். எந்த ஊரில் எவள் வயிற்றைப் பிடித்தாலும் இவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடவேண்டும். துறைக்கு ஓடினால் அங்கே ஓடக்காரன் யார்? வெள்ளையம்மாளின் புருஷன். "ஏறுங்க, ஏறுங்க, துடுப்பு எங்கேயோ வச்சேன்" என்று நிதானமாகத் தேடுவான். தெருப் பிள்ளைகள் பொன்னுரங்கத்தைக் கண்டதும் கம்பும் சோளமும் இறைத்து "பா, பா" என்று கூப்பிட ஆரம்பித்தன. அவனுக்குப் பரிந்து பேச ஊரில் ஒரு நாதியில்லை.

ஒருநாள் கொட்டுகிற மழையில் ராணியின் புறா வந்தது. பொன்னுரங்கம் சேற்றில் விழுந்து எழுந்து அக்கரை சேர்ந்தான். வெள்ளையம்மாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

அரசருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் சபைக்கு அழைத்தார். "பொன்னுரங்கம், உனக்கு என்ன பரிசு வேணும்?"

"பரிசே வேண்டாம், மகாராஜா. இந்தம்மாவை நான் விட்டுடறேன். அதுக்கு அனுமதி கொடுங்க, போதும்."

"நடுவிலே விலகறது யாரு, நீங்கதானே?" என்றான் ஏகாம்பரம். "அப்போ ஈடு?"

பொன்னுரங்கம் தன் வீட்டுப் பசுவை வரவழைத்து வெள்ளையம்மாளிடம் கயிற்றைக் கொடுத்தான்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "பலே, ஏகாம்பரம்! குளக்கரையிலே புது மாளிகை ஒண்ணு காலியா இருக்கு. அது இனி உம்முடையது. இன்னிக்கே குடிபோயிடும்."

"மன்னிக்கணும், மகாராஜா. நான் வீடு மாற முடியாது."

"ஏன்?"

"என் கூரையிலேயும் இவர் புறாதான்."

அரசரின் சிரிப்பு நின்றுவிட்டது. முத்திரை போட்ட கை யாருடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முத்திரை ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, ஈடு என்ற வரியையே தன் கையால் அடித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் ஏகாம்பரம் சாமான்களை மூட்டை கட்டினான்.