‘ஆச்சு’ என்று ஒரு பசிக்கணக்கு

மழை பொய்த்த வருஷம் அது. செங்கழனி நாட்டு ராஜா கனகவர்மர் ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டி திறந்துகொண்டு வந்தார். மந்திரி அம்பலவாணருக்கு அது பொறுக்கவில்லை. மலைக்குடி, கடற்கரைக் குப்பம், நெசவுத்தெரு என்று எல்லா இடத்துக்கும் ஆள் அனுப்பி, ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னார்: “சாப்பிட்டாச்சா?”

“மகாராஜா, ஒருத்தர் பாக்கியில்லாம ‘ஆச்சு’ன்னு சொல்லிட்டாங்க! நாட்டுல பசியே இல்லை. நாளைக்கு மறுநாள் தொட்டிகளை மூடிடலாம்,” என்று சபையில் வந்து சொன்னார் மந்திரி.

ராஜா தலையாட்டிவிட்டார். சபையில் இருந்த புலவர் குழைக்காதருக்கு இது சரியாகப் படவில்லை. அந்தக் கஞ்சியை நம்பி எத்தனை உயிர்கள்! ஆனால் நேரே சொன்னால் மந்திரி விடுவாரா? “அதுக்கு முன்னால ஏரியை ஒரு பார்வை பார்த்துட்டு வரலாமே” என்று நைசாகப் பேசி, மறுநாள் விடியும் முன்பே ராஜாவையும் மந்திரியையும் குதிரை ஏற்றிவிட்டார். பின்னால் வந்த சாப்பாட்டு வண்டியை வேறு பாதையில் திருப்பிவிட்ட மகானும் அவரேதான்.

உச்சி வெயில். பசியில் ராஜாவுக்குக் காது அடைத்தது. வழியில் ஒரு குயவர் வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றார்கள். வந்திருப்பது யாரென்று தெரியாமலே வீட்டுக்காரி சொம்போடு வந்தாள்.

“வாங்கய்யா. சாப்பிட்டாச்சா?”

“ஆச்சும்மா, ஆச்சு. இப்பத்தான்,” என்றார் ராஜா. சொல்லி வாய் மூடவில்லை, வயிறு கடமுடா என்றது. சமாளித்துக்கொண்டு, “நீங்க?” என்றார்.

“ஆச்சுங்க,” என்று அவளும் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், அடுப்பில் பூனை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ராஜா அந்தப் பூனையையே பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

அவள் உள்ளே போனதும் குழைக்காதர் மந்திரி பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க மந்திரியாரே. அந்தம்மா சாப்பிட்டாச்சு. மகாராஜாவும் சாப்பிட்டாச்சு. கஞ்சித்தொட்டியோட சேர்த்து அரண்மனை அடுக்களையையும் மூடிடலாம்.”

ராஜாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது.

“அம்பலவாணரே, ஒரு தொட்டியையும் மூடக் கூடாது. இந்த ஊருக்கும் இன்னிக்கே ஒண்ணு திறக்கணும். யாரையும் எதுவும் கேட்காதீங்க, வந்தவங்களுக்கு ஊத்துங்க!” என்றவர், புலவரின் தோளைத் தட்டினார். “குழைக்காதரே, உமக்கு என்ன பரிசு வேணும்? கேளும்!”

“பரிசெல்லாம் அப்புறம் மகாராஜா,” என்றார் குழைக்காதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “நான் இன்னும் சாப்பிடலை!”