மூன்றாம் தொட்டிக்கு இரண்டு குறிப்புகள்

ஆற்றங்கரையோரம் ஒரு சர்க்கரை ஆலை. பேர் சொன்னால் வம்பு, ஆலை என்பதோடு நிறுத்திக்கொள்வோம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகை அங்கே மூன்று பெரிய இரும்புத் தொட்டிகளில் தேக்கிவைப்பார்கள். மூன்றாம் தொட்டியின் நிழல் நல்ல அகலம். கரும்பு ஏற்றிவந்த டிராக்டர்காரர்கள் எடை போடும் முறை வரும்வரை அந்த நிழலில்தான் அடுப்பு மூட்டுவார்கள், துண்டை விரித்துப் படுப்பார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருப்பார்கள்.

மரகதவல்லி அந்த ஆலையின் உதவிப் பொறியாளர். தொட்டிகளும் குழாய்களும் அவள் பொறுப்பு. கரும்பு அரவை மும்முரமாக நடந்த ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாம் தொட்டியின் அடித்தகட்டில் கருவியை வைத்துக் கனம் பார்த்தாள். பத்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தகடு நாலுக்கு இறங்கியிருந்தது. கருவியில்தான் கோளாறோ என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே நாலு. வெல்டிங் ஓரத்தில் பாகு கசிந்துகொண்டிருந்தது. தொட்டியோ கழுத்துவரை நிறைந்திருந்தது.

அடுப்படியில் இருந்த டிராக்டர்காரரிடம், “இங்க உட்காராதீங்கண்ணே, அந்தப் பக்கம் போயிடுங்க,” என்றாள்.

“வண்டியை இங்கதானே மேடம் நிறுத்தச் சொல்லியிருக்காங்க. நகர்ந்தா முறை போயிடும்,” என்றார் அவர்.

நியாயந்தான். வண்டிகளை நகர்த்தும் அதிகாரம் பொது மேலாளர் கோதண்டபாணிக்கு மட்டுமே உண்டு. எனவே அவருக்கு ஒரு குறிப்பு எழுதினாள். ‘தொட்டி உடையப்போகிறது. கீழே இருப்பவர்களை உடனே அப்புறப்படுத்துங்கள்’ என்று தொடங்கினாள். ஆலை வழக்கப்படி அது பிரிவுத் தலைவர் தணிகாசலம் கைக்குப் போனது.

தணிகாசலம் கெட்டவர் அல்ல. சோம்பேறியும் அல்ல. ஆனால் பேனாவைப் பிடித்தால் அவருக்குள் ஒரு பழைய ஆபீஸ் உட்கார்ந்துகொள்ளும். “உடையப்போகுதுன்னு எழுதுறியேம்மா. உடையலைன்னா உன்னைத்தான் கேப்பாங்க,” என்றார். பிறகு தாமே திருத்தினார். ‘பொருள்: மூன்றாம் பாகுத் தொட்டி – பராமரிப்பு – தொடர்பாக.’ அதன்கீழ் பழைய கடிதங்களின் எண்கள். அதன்கீழ் தொட்டி கட்டிய வரலாறு. இரண்டாம் பக்கத்தில் தகட்டின் கனம், ஒரு புள்ளி பிசகாமல். ‘கவனிக்கத்தக்க தேய்மானம் காணப்படுவதால் தக்க நடவடிக்கை எடுக்கப் பணிந்து வேண்டப்படுகிறது’ என்று முடிவு. மேலே சிவப்பில் ‘உடனடி’ என்று முத்திரை. போன வாரம் கேன்டீன் மின்விசிறி ஓடவில்லை என்று போன தாளிலும் அதே முத்திரைதான் இருந்தது.

மரகதவல்லி படித்தாள். பொய் ஒன்றுமில்லை, எண்ணெல்லாம் சரி. ஆனால் அவளுடைய பயத்தைக் காணோம். இருந்தும் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டாள். அன்றே தாள் மேலே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பதிலில்லை. ஜன்னலை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தொட்டியடியில் புகை வந்தது, யாரோ சமைக்கிறார்கள். புதன் காலை தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் கோதண்டபாணியின் கையெழுத்து: ‘அரவை முடிந்ததும் பார்க்கலாம்.’

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ‘மூன்றாம் தொட்டி இன்றே உடையலாம். உடைந்தால் கீழே இருப்பவர்கள் பாகில் மூழ்கிச் சாவார்கள். வண்டிகளையும் ஆட்களையும் இப்போதே நகர்த்துங்கள். பாகை இரண்டாம் தொட்டிக்கு மாற்ற உத்தரவிடுங்கள். முடியாது என்றால் “முடியாது” என்று இதன்கீழ் எழுதிக் கையெழுத்திடுங்கள்.’ தணிகாசலத்தைத் தாண்டி, தானே கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தாள்.

“என்னம்மா, மிரட்டுறியா?”

“பயமா இருக்கு சார். அவ்வளவுதான்.”

கோதண்டபாணி பேனாவைத் திறந்தார். ‘முடியாது’ என்று எழுதத் தாளருகே கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டு போனை எடுத்தார்.

முற்பகலிலேயே இடம் காலியானது. பாதிப் பாகுகூட மாறவில்லை, பிற்பகலில் தொட்டி அடியோடு கிழிந்தது. மார்பளவு பாகு பாய்ந்து, நகர்த்த முடியாமல் விட்டிருந்த ஒரு டிரெய்லரை மதிலோடு சேர்த்து நசுக்கியது. ஆள் சேதம் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார்: “எச்சரித்தவர்னு ஒரே ஒரு பேர் எழுதணும். யாரு?”

“முதல்ல எழுதினது நான். எல்லா அளவும் அதுல இருக்கு, முறைப்படி அனுப்பினேன்,” என்றார் தணிகாசலம்.

“உத்தரவு போட்டது நான். அது இல்லைன்னா எழுதின தாளுக்கு என்ன பிரயோஜனம்?” என்றார் கோதண்டபாணி.

மரகதவல்லி தலைகுனிந்து நின்றாள். “என் பேரை எழுதாதீங்க சார்,” என்றாள்.

மூன்று பேர் சொன்னதிலும் பொய் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் சொல்லுங்கள்: எச்சரித்தவர் யார்? மரகதவல்லி ஏன் தன் பேர் வேண்டாம் என்றாள்?

விடை: தணிகாசலம் தகவல் தந்தார், எச்சரிக்கவில்லை. என்ன நடக்கும், யார் சாவார்கள், யார் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய தாளில் எங்குமே இல்லை. ‘முடியாது’ என்று சொல்லாமலேயே தள்ளிப்போட அது இடம் கொடுத்தது. கோதண்டபாணி எச்சரிக்கப்பட்டவர், எச்சரித்தவர் அல்ல. ஆகவே புதன்கிழமைக்கு மரகதவல்லியின் பேரைத்தான் எழுத வேண்டும். அவள் வேண்டாம் என்றது திங்களையும் செவ்வாயையும் நினைத்து. தன் பயத்தை எடுத்துவிட்ட தாளில் அவளும் ஒப்பமிட்டாள். அந்த இரண்டு நாளும் நிழலில் பிள்ளைகள் தூங்கினார்கள், தொட்டி உடையும் என்று அவர்களிடம் யாருமே சொல்லவில்லை.