நாரை கிழித்த கோடு

மிருகமும் பறவையும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையோரம் பதின்மூன்று காடுகள் இருந்தன. கடலுக்கு அக்கரையிலிருந்த ஒரு சிங்கம் அவற்றை அதிகாரம் பண்ணிவந்தது. காடுகளெல்லாம் ஒன்றுகூடிச் சண்டை போட்டு அதை விரட்டிவிட்டன. விரட்டிய பிறகுதான் வம்பே வந்தது. ஒரு காட்டின் பேச்சை இன்னொரு காடு கேட்கவில்லை. இப்படியே போனால் சிங்கம் திரும்பி வந்துவிடும் என்று பயந்து, எல்லாக் காடுகளுக்கும் பொதுவாக ஒரு மன்றம் வைத்தன.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு காடும் தன் மண்ணைக் கொண்டுவந்து ஒரு குவியலாகக் கொட்டி வைக்கும். பேச எழுகிறவர் தன் காட்டு மண்ணில் கால் வைத்துத்தான் பேச வேண்டும். அப்போதுதான் அது பேச்சு. இல்லாவிட்டால் வெறும் சத்தம், யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

நடுக்காட்டின் ஓரத்தில், ஆற்றங்கரைச் சேற்றில், ஒரு நீல நாரை குடியிருந்தது. அதன் ஜோடி ஒரு புயலில் போய்ச் சேர்ந்துவிட்டது. குஞ்சுகள் இறக்கை முளைத்ததும் தெற்கே பறந்துவிட்டன. கொசுவுக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய மீன் மாட்டினால் நாரை தன்னை மறந்து, "இங்க பாருங்களேன், எவ்ளோ பெருசு!" என்று கத்திவிடும். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மீனை மெதுவாக விழுங்கும்.

மன்றம் எந்தக் காட்டில் கூடுவது என்று ஒருநாள் பேச்சு வந்தது.

"எங்க காட்டுலதான்," என்றது வடகாட்டுக் கரடி. "குளுகுளுன்னு இருக்கும். தேன் வேற இருக்கு."

"உன் குளிர்ல என் வாலு விறைச்சுப் போயிடும்," என்றது தென்காட்டு முதலை. "எங்க பக்கம் வாங்க. வெயில்ல படுத்துக்கிட்டே பேசலாம்."

"படுத்துக்கிட்டே எங்களை முழுங்கிடுவ!" என்றது கரடி.

தலைமை வகித்த வான்கோழி தலையில் அடித்துக்கொண்டது. "போதும்ப்பா! யார் வீட்டுல கூடினாலும் அந்த வீட்டுக்காரர் நாட்டாமை பண்ணுவாரு. எந்தக் காட்டுக்கும் சொந்தமில்லாத இடமா ஒண்ணு சொல்லுங்க."

கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாரைக்கு ஆசை வந்தது. மன்றம் தன் வாசலுக்கே வந்தால்? விடிந்தால் பேச்சும் சிரிப்புமாக இருக்குமே! நடுக்காட்டு மண்ணில் கால் வைத்து எழுந்தது.

"எங்க ஆத்தங்கரையை எடுத்துக்குங்க. காட்டுலேர்ந்து பிரிச்சுக் கொடுத்திடறேன்."

நடுக்காட்டு அணிலுக்கு மறுப்பு இல்லை. "கொசுக்கரைதானே? போகட்டும்."

வான்கோழிதான் தயங்கியது. "யோசிச்சுச் செய்யறியா அக்கா? கோடு போட்டா போட்டதுதான்."

"எல்லாரும் வரப் போறீங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

காட்டுக்கும் சேற்றுக்கும் நடுவே நாரை தன் அலகாலேயே நீளமாக ஒரு கோடு கிழித்தது. சேற்றுப் பக்கம் நின்றுகொண்டு சந்தோஷமாக இறக்கையை உதறியது.

எல்லாரும் வந்தார்கள். மண் குவியல்கள் வரிசையாக எழுந்தன. ஆற்றங்கரை முழுக்க ஒரே இரைச்சல். நாரை எல்லாருக்கும் மீன் பிடித்து வைத்தது. தின்றார்கள், பேசினார்கள், கூட்டம் முடிந்ததும் அவரவர் காட்டுக்குக் கிளம்பினார்கள்.

"அக்கா, உங்க வீடு எந்தப் பக்கம்?" என்று போகிற போக்கில் ஒரு மான் கேட்டது.

"இங்கதான்."

"ஓ, இங்ககூட ஆள் இருக்கா!" என்று சொல்லிவிட்டு மான் ஓடிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் கரடி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தது. "இந்தச் சேத்து நாத்தம் தாங்கல. கல்லைக் கொட்டி மூடிடலாம்."

"மூடணும்," என்றது முதலை. இரண்டும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

நாரை பதறிப்போனது. சேற்றை மூடினால் மீன் எங்கே? தான்தான் எங்கே? ஓடிவந்து நடுக்காட்டு மண்ணில் வைக்கக் காலைத் தூக்கியது.

அணில் தயங்கித் தயங்கிச் சொன்னது. "கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டீங்களே அக்கா. இது உங்க மண்ணு இல்லையே."

தூக்கிய காலோடு நாரை அடுத்த குவியலுக்குத் தத்திப் போனது. அங்கே முதலை வாலைக் குறுக்கே போட்டது. அதற்கடுத்த குவியலில் கரடி உட்கார்ந்துகொண்டது.

"அப்ப என் மண்ணு எது?"

"நீ நிக்கிற இடம் எல்லாருக்கும் சொந்தம்," என்றது வான்கோழி, கனிவாகத்தான்.

"அப்ப எல்லாக் குவியல்லயும் கால் வைக்கலாம்ல?"

"எதுலயுமே வைக்க முடியாதும்மா."

நாரை தொண்டை கிழியக் கத்தியது. "இது என் வீடு! என் குஞ்சு பொரிச்ச இடம்!" மன்றம் பேசாமல் காத்திருந்தது. சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கல் கொட்டுவதென்று முடிவானது. அப்போதே கொட்டி மூடியும்விட்டார்கள்.

பொழுது சாய எல்லாரும் கலைந்தார்கள். மூடாமல் மிஞ்சிய தண்ணீரோரம் நாரை நின்றது. காலைக் கீழே வைத்தால் அந்த முடிவுக்குச் சம்மதம் என்று ஆகிவிடுமோ என்று பயந்து, தூக்கினபடியே வைத்திருந்தது. காலைக் கீழே வை என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அந்த ஆற்றங்கரையில்தான் பின்னாளில் மனிதர்கள் அமெரிக்காவின் தலைநகரத்தைக் கட்டினார்கள். அங்கே குடியிருப்பவர்கள் சார்பில் நாட்டு மன்றத்தில் ஓட்டுப் போட இன்றைக்கும் ஒரு உறுப்பினர் கிடையாது. நாரையும் அன்று முதல்தான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்து, வாய் திறக்காமல் தண்ணீரோரம் தன்னந்தனியாக நிற்கிறது.