கரடிமேட்டு ஓடுபாதை

“இந்தப் பயம் எப்ப மேடம் போகும்?” என்று கேட்டார் அருமைநாதன்.

விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளர் கமருன்னிசா கீழே கையைக் காட்டினார்.

மலைச்சரிவில் செம்மண் கீறல் ஒன்று தெரிந்தது. அதுதான் கரடிமேட்டு ஓடுபாதை. மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. மேல்கோடியில் பாறை. கீழ்க்கோடிக்கு முன்னால் ஓடும் ஆற்றைத் தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும். மனசு மாறி மறுபடி மேலே தூக்க மலை இடம் தராது.

அருமைநாதன் பெரிய விமானங்களை வழவழவென்ற ஓடுபாதைகளில் இறக்கியே தலை நரைத்தவர். மழைக்காலத்தில் மலைக்கு மருந்து கொண்டுபோக ஆள் வேண்டும் என்றதும், இதென்ன பிரமாதம் என்று வந்துவிட்டார். வந்த இடத்தில், தன்னைவிட ரொம்ப இளையவரிடம் அரிச்சுவடி படிக்க வேண்டியதாயிற்று. இரண்டு பேர் உட்காரும் இந்தத் தும்பிக்குள் ஏறியதும் அவர் பெருமையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“ஆறு வருது,” என்றார் கமருன்னிசா.

“திரும்பிடலாமா மேடம்?”

“உங்க இஷ்டம் சார். ஆறு வரைக்கும்தான் உங்க இஷ்டம்.”

அருமைநாதன் யோசித்து முடிப்பதற்குள் ஆறு பின்னால் போய்விட்டது.

உள்ளங்கை வியர்த்து, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக் வழுக்கியது. செம்மண் எழும்பி எழும்பி வந்தது. செத்தோம் என்றே நினைத்தார்.

“முன்சக்கரம்!” என்றார் கமருன்னிசா.

அருமைநாதனுக்குத் தெரியும். அது மெலிந்த சோனிச் சக்கரம். பின்சக்கரங்கள் தரையைத் தொட்டாலும், வேகம் அடங்கும்வரை ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்து மூக்கைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் விமானம் குப்புறக் கவிழும்.

பின்சக்கரங்கள் தட்டின. குதித்தன. மறுபடி தட்டின.

தரை! போன உயிர் திரும்பி வந்தது.

“அப்பாடா, இறங்கிட்டோம்!”

பெரிய ஓடுபாதைகளில் இந்த இடத்தில்தான் அவர் மூக்கை இறக்குவார். பழகிய கை ஸ்டிக்கைத் தளரவிட்டது. மூக்கு சரிந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பள்ளம்.

கமருன்னிசா தன் பக்கத்து ஸ்டிக்கை இரண்டு கையாலும் இழுத்தார். முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பை உரசிக்கொண்டு மேலே எழுந்தது. குலுங்கிய குலுங்கலில் பல்லோடு பல் மோதியது. பாறைக்கு முன்னால் ஒருவழியாக விமானம் நின்றது.

கமருன்னிசா ஸ்டிக்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“தரை தட்டினதும் பயம் போயிடுச்சா சார்?”

“போயிடுச்சு மேடம்.”

“ஸ்டிக்கைப் பிடிச்ச கையும் கூடவே போயிடுச்சு.”

கமருன்னிசா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். காலால் ஓர் உதை விட்டுச் சோதித்தார். திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திருப்புங்க. சரிவுல ஆத்துப் பக்கமா கிளம்பி, ஒரு சுத்து சுத்திட்டு வந்து நீங்களே இறக்குங்க. நான் இங்க நிக்கிறேன்.”

“தனியாவா?”

“ஆமா.”

அருமைநாதனுக்கு இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“மேடம், பயமா இருக்கு. நிஜமாவே ரொம்பப் பயமா இருக்கு.”

கமருன்னிசா உள்ளே குனிந்தார். தன் சீட்டில் கிடந்த பெல்ட்டின் இரு முனைகளையும் எடுத்து, காலி சீட்டின் குறுக்கே மாட்டி, இழுத்து இறுக்கினார்.

“அதையும் கூடவே கூட்டிட்டுப் போங்க. பெல்ட் போட்டாச்சு.”

கதவைச் சாத்தினார்.